விண்வெளி வீரரிடம் ஆட்டோகிராஃப் வாங்குவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

பூமியைச் சுற்றி வந்த மனிதர்களை எண்ணினால் 600-க்குச் சற்று மேல் வரும், அவ்வளவுதான். அப்பல்லோ பயணங்களில் நிலவு வரை போனவர்கள் 24 பேர், அதில் இறங்கி நடந்தவர்கள் 12 பேர். இவர்களில் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம் பெயரைக் கேட்டு எழுதித் தருகிற அந்த அரை நிமிடத்துக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த அரை நிமிடம் சரியாக அமைய முன்கூட்டியே கொஞ்சம் வேலை செய்ய வேண்டும், அதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். கையெழுத்தைக் காசு கொடுத்து எங்கேயும் வாங்கலாம். நேரில் வாங்கியதில் மட்டும்தான் அவர் சொன்ன வார்த்தையும் சேர்ந்து வரும், அதனால் கீழே இருக்கிற எல்லாப் படிகளையும் அதை மனதில் வைத்தே படியுங்கள்.

படி 1: யாரிடம் என்று முடிவு செய்யுங்கள்

ஆரம்பத்திலேயே நிலவில் நடந்தவரைத் தேடிப் போகாதீர்கள். அவர்களில் பெரும்பாலானோர் காலமாகிவிட்டார்கள், இருப்பவர்கள் எல்லாருமே நல்ல வயதானவர்கள், கூட்டமும் கட்டணமும் அதிகம். நீல் ஆர்ம்ஸ்ட்ராங் 2012-இல் இறந்தார், ஆனால் தன் கையெழுத்தை வாங்கி விற்றுக் காசாக்குகிறார்கள் என்று தெரிந்ததும் 1994 வாக்கிலேயே ரசிகர்களுக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கும் அதிகமாகப் போலி செய்யப்படும் கையெழுத்துகளில் அவருடையது ஒன்று.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு, ஸ்பேஸ் ஷட்டில் என்ற நாசாவின் விண்ணோடம் பறந்த காலத்து ஆட்கள்தான். 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள், அவற்றில் 355 பேர் பறந்தார்கள். ஓய்வு பெற்ற பலர் நிகழ்ச்சிகளுக்கு வருகிறார்கள், நிதானமாகப் பேசுகிறார்கள். ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்த்தவர், விண்வெளி நிலையத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்தவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது, அதைக் கேட்க வரிசையில் பத்துப் பேர்கூட நிற்க மாட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

நாசாவில் பணியில் இருப்பவர்கள் கையெழுத்துக்குப் பணம் வாங்க மாட்டார்கள், அது அரசு வேலை. ஓய்வு பெற்றவர்கள் வாங்கலாம், பலர் வாங்குகிறார்கள். இதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம். அந்தப் பணம் சில சமயம் படிப்புக்கும் போகிறது: ‘மெர்குரி ஏழ்வர்’ எனப்படும் நாசாவின் முதல் ஏழு வீரர்களில் அப்போது உயிரோடு இருந்த ஆறு பேர் முன்னின்று 1984-இல் தொடங்கிய அஸ்ட்ரோநாட் ஸ்காலர்ஷிப் அறக்கட்டளை, வீரர்கள் கையெழுத்திட்ட பொருட்களை ஏலம் விட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது.

படி 2: எங்கே பார்க்கலாம்

ஃப்ளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்தில் ஓய்வு பெற்ற வீரர்கள் தொடர்ந்து வந்து பேசுகிறார்கள். அங்கே போக முடியாதவர்கள் மூன்று விஷயங்களைக் கவனித்து வையுங்கள். ஒன்று, அக்டோபர் 4 முதல் 10 வரை நடக்கும் உலக விண்வெளி வாரம். இரண்டு, 1985-இல் உருவான விண்வெளிப் பயணிகள் சங்கம் வெவ்வேறு நாடுகளில் கூட்டும் மாநாடு, அந்தச் சமயத்தில் வீரர்கள் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கும் போவது வழக்கம். மூன்று, புத்தக வெளியீடுகள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கையெழுத்துப் போடத்தான் அவர் அங்கே வந்திருக்கிறார், நமக்கும் தயக்கம் இருக்காது.

போவதற்கு முன் நிகழ்ச்சி விதிமுறையைப் படித்துவிடுங்கள். எத்தனை பொருள், வெளியிலிருந்து கொண்டுவந்ததில் போடுவாரா, கூடவே நின்று படம் எடுக்கலாமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

படி 3: எதில் வாங்குவது

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நாசா எடுத்த படங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நல்ல தெளிவோடு பெரிய அளவில் கிடைக்கின்றன, 8க்கு 10 அங்குலத்தில் அச்சிட்டால் போதும். ஆனால் படத்தில் இருப்பது யார் என்று சரிபார்க்காமல் கொண்டுபோகாதீர்கள். நிலவில் நிற்கிற ஆர்ம்ஸ்ட்ராங் என்று ஊரெல்லாம் பகிர்கிற அந்தப் பிரபலமான படம், அதன் எண் ஏஎஸ்11-40-5903, அதில் இருப்பவர் அவரோடு நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின். கேமரா பெரும்பாலான நேரம் ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் இருந்தது. ஆல்ட்ரினின் முகக்கவசக் கண்ணாடியை உற்றுப் பார்த்தால் ஒரு சின்ன வெள்ளை உருவம் பிரதிபலிக்கும், அவர்தான் ஆர்ம்ஸ்ட்ராங்.

முகம் தெரியாத இந்த உடைகளில் யார் யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் இரண்டு தரையிறக்கங்களில் இரண்டு பேர் உடையும் ஒரே மாதிரி இருந்ததால் நாசாவுக்கே குழப்பம். அதனால் அப்பல்லோ 13-லிருந்து கமாண்டர் உடையின் கை, கால், தலைக்கவசத்தில் சிவப்புப் பட்டை போட்டார்கள். 13 நிலவில் இறங்கவில்லை என்பதால் அந்தப் பட்டையோடு நிலவில் முதலில் நடந்தவர் அப்பல்லோ 14-இன் ஆலன் ஷெப்பர்ட். ஆக, அப்பல்லோ 16 படத்தில் சிவப்புப் பட்டை இருந்தால் ஜான் யங், இல்லாவிட்டால் சார்லி டியூக். யங் குதித்துக்கொண்டே கொடிக்கு சல்யூட் அடிக்கிற படம், ஏஎஸ்16-113-18339, அதை எடுத்தது டியூக், அதனால் அதில் டியூக்கின் கையெழுத்து இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. இப்படி யோசித்துத் தேர்ந்தெடுத்த படத்தை நீட்டினால் வாங்கிப் பார்க்கிறவருக்கே நம் அக்கறை புரிந்துவிடும்.

இன்னொன்று, படத்தில் எழுத இடம் வேண்டும். நிலவு வானம் கன்னங்கரேல் என்று இருக்கும், அதில் நீல மார்க்கர் காணாமல் போய்விடும். சாம்பல் நிறத் தரை நிறையத் தெரிகிற படமாக எடுங்கள், அல்லது வெள்ளி நிறப் பேனாவுக்குத் தயாராக இருங்கள். புத்தகமாக இருந்தால் தலைப்புப் பக்கம்தான் நல்ல இடம், முன்பே அங்கே ஒரு துண்டுச் சீட்டு வைத்து, உங்கள் பெயரையும் எழுத்துப் பிழை வராதபடி அதில் எழுதிவிடுங்கள்.

பெயர் போட்டு வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு விவாதம் எப்போதும் ஓடும். பெயர் இருந்தால் விற்பனை மதிப்பு குறையும் என்பார்கள். விற்கவா வாங்குகிறோம்? பெயரோடு வாங்குங்கள். இவர் வியாபாரி இல்லை என்று அவருக்கும் தெரியும், பேச்சும் சுலபமாகத் தொடங்கும்.

படி 4: பேனா

பளபளப்பான புகைப்படத்தில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், கீறும், விட்டு விட்டு எழுதும். அதற்கு ஷார்ப்பி மாதிரியான மெல்லிய முனை மார்க்கர் சரி. நீல நிறம் எடுங்கள், கறுப்பில் போட்டால் அச்சடித்ததா கையால் போட்டதா என்று பின்னாளில் சந்தேகம் வரும். அதே மார்க்கரைப் புத்தகத் தாளில் வைத்தால் பின்பக்கம் ஊறிவிடும், புத்தகத்துக்கு நல்ல ஜெல் பேனாவோ நிறமி மைப் பேனாவோ போதும்.

வெள்ளி, தங்க நிறப் பேனாக்கள் வேறு ரகம். நன்றாகக் குலுக்கி, முனையை ஒரு வேஸ்ட் காகிதத்தில் அழுத்தி அழுத்தி எடுத்து, மை சீராக இறங்குகிறதா என்று வரிசையில் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் பெயரின் முதல் எழுத்திலேயே ஒரு பெரிய சொட்டு விழுந்து பரவும், அதைத் துடைக்கப் போனால் முழுப் படமும் போச்சு. கையெழுத்து வாங்கியதும் உடனே உறைக்குள் தள்ளாதீர்கள், சில நிமிடங்கள் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

படி 5: எதிரில் நிற்கும்போது

மூடியைத் திறந்து, பேனாவின் பின்பக்கத்தை அவர் பக்கமாக நீட்டுங்கள். படத்தையும் அவருக்கு நேராகத் திருப்பி வையுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். “விண்வெளி எப்படி இருந்தது?” என்று கேட்டால் ஆயிரம் தடவை சொன்ன பதில்தான் வரும். அவர் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். சார்லி டியூக் 1972-இல் தன் குடும்பப் படத்தை, பின்பக்கம் வீட்டார் கையெழுத்தும் கட்டைவிரல் ரேகையும் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலவிலேயே விட்டுவிட்டு வந்தார். மைக் மாசிமினோ 2009-இல் ஹப்பிளைப் பழுதுபார்க்கும்போது ஒரு திருகு தேய்ந்து கழலாமல் போக, கைப்பிடிக் கம்பியையே பிடுங்கி எடுத்தார். இப்படி ஒவ்வொருவர் பயணத்திலும் ஒரு இடம் இருக்கும், அதைத் தொட்டுக் கேட்டால் முகமே மாறிவிடும்.

விண்நடை போய் வந்த ஒரு ஷட்டில் வீரரிடம் நான் வாசனையைப் பற்றிக் கேட்டேன். வெளியே போய்விட்டு உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போது ஒரு வாசனை வருமாமே என்றேன். முதல் எழுத்தைப் போட்டிருந்தவர் அப்படியே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி, சூடான உலோக வாசனை என்றார், கையுறையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து காட்டுவது போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். பிறகுதான் மிச்ச எழுத்துகளைப் போட்டார், முதல் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மை கொஞ்சம் அடர்த்தி மாறியிருப்பது இப்போதும் தெரிகிறது.

நீண்ட வரிசை இருந்தால் சுருக்கமாக முடித்துக்கொண்டு நகருங்கள். சாப்பிடும்போதும் குடும்பத்தோடு இருக்கும்போதும் போய் நிற்கவே நிற்காதீர்கள்.

படி 6: அன்றிரவே எழுதி வையுங்கள்

தேதி, இடம், நிகழ்ச்சி, நீங்கள் கேட்டது, அவர் சொன்னது, முடிந்தவரை அவர் வார்த்தைகளிலேயே. மறுநாள் எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும். தனித் தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள், படத்தின் பின்புறம் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும். அவர் கையெழுத்திடும்போது நண்பர் யாராவது எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் இதோடு வையுங்கள். உங்களுக்குப் பின் இதைப் பார்க்கிறவர்களுக்கு அது அசல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

படி 7: தபாலிலோ விலைக்கோ வாங்கினால்

பணியில் இருக்கும் நாசா வீரர்களுக்கு ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தின் வழியாகக் கடிதம் எழுதலாம். தொலைந்தால் தாங்க முடியாத பொருளை அனுப்பாதீர்கள், கடிதம் மட்டும் போதும். வருகிற பதிலில் இருப்பது அச்சிட்ட கையெழுத்தாகவும் இருக்கலாம், ஆட்டோபென் என்ற இயந்திரம் போட்டதாகவும் இருக்கலாம். 1960-களிலிருந்தே நாசா இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தியது, ரசிகர் கடிதங்கள் அவ்வளவு குவிந்தன.

அச்சை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மையின் மினுமினுப்பு இருக்காது, 10 மடங்கு பூதக்கண்ணாடியில் கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கலைந்து தெரியும். ஆட்டோபென்னில் மை நிஜம், அதனால் கொஞ்சம் கடினம். கோடு முழுக்க ஒரே அழுத்தம், தொடக்கமும் முடிவும் மொட்டையாக நிற்கும், வளைவுகளில் லேசான நடுக்கம். அதே வீரரின் தெரிந்த ஆட்டோபென் மாதிரியோடு வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், அச்சு அசலாகப் பொருந்தினால் இயந்திரம்தான். மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு தடவை அப்படியே போடாது.

ஏலங்களில் ‘இன்ஷூரன்ஸ் உறை’ என்று பார்ப்பீர்கள். நிலவில் முதலில் இறங்கிய பயணமான அப்பல்லோ 11 குழுவினருக்குக் கட்டுப்படியாகிற ஆயுள் காப்பீடு கிடைக்கவில்லை. அதனால் மூவரும் நூற்றுக்கணக்கான தபால் உறைகளில் கையெழுத்திட்டு நம்பிக்கையானவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள், ராக்கெட் புறப்பட்ட நாளிலும் நிலவில் இறங்கிய நாளிலும் அவற்றில் தபால் முத்திரை குத்தப்பட்டது. திரும்பி வராவிட்டால் குடும்பம் அதை விற்றுப் பிழைக்கும் என்பது கணக்கு. அப்பல்லோ 16 வரை இது நடந்தது. புதியவர்கள் இதை வாங்க அவசரப்பட வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள், இந்தச் சேகரிப்பில் இதைவிட நெஞ்சைத் தொடும் பொருளை நான் பார்த்ததில்லை.

விற்பவர் தரும் உத்தரவாதச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள், அது யாரும் அச்சடிக்கக்கூடிய காகிதம். எப்போது, எங்கே, யார் வாங்கியது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 8: பாதுகாப்பது

பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆக ஒட்டிக்கொண்டு மையைத் தின்றுவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறை, அமிலமில்லாத அட்டை, இருட்டான உலர்ந்த இடம். மார்க்கர் மை வெயிலில் சில வருடங்களிலேயே வெளுத்துவிடும். லேமினேட் பண்ணவே கூடாது. சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால் நல்ல ஸ்கேன் எடுத்து அந்தப் பிரதியைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். அசலும் அன்றிரவு எழுதிய தாளும் ஒரே உறையில், ஆனால் நடுவே ஒரு அமிலமில்லாத தாளோடு இருக்கட்டும்.