எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு: வீட்டார் செய்யும் தவறுகள்

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அதாவது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த நாலு வீட்டுக்காவது கேட்கும். அதனால் வீட்டில் ஒருத்தி சின்ன விஷயத்துக்குக் கத்தி அழுதால், முதலில் வாயை அடைக்கத்தான் பார்க்கிறோம். 'கொழுப்பு', 'நடிப்பு' என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

ஆனால் அது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்ற மனநலக் கோளாறாகவும் இருக்கலாம். இதன் நடுவில் இருப்பது, கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம். போனை எடுக்கத் தாமதமானாலே அது கிளம்பிவிடும். காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் எதிரியாகிவிடுவார். கூடவே வெறுமை, அடக்க முடியாத கோபம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 9 அடையாளங்களைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது 5 நீண்ட காலம் தொடர்ந்திருக்க வேண்டும். ஆகவே யூடியூப் பார்த்துவிட்டு மருமகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறும் இருதுருவக் கோளாறோடும் குழப்ப வேண்டாம்: அதில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும்; இதில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மாறிவிடும்.

மிகப் பெரிய தவறு மிரட்டல். "இப்படியே பண்ணினா கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிருவேன்" என்பது நமக்கு வெறும் வாய்ப்பேச்சு. அவளுக்கோ பயந்தது நடக்கப்போகிறது என்பதற்கு அத்தாட்சி. அதற்குப் பதில், "டவுனுக்குப் போறேன், ஆறு மணிக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வாருங்கள். "போன் எடுக்காதது பயமா இருந்திருக்கும், இல்லையா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதெல்லாம் சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவள் அடிக்கக் கை நீட்டினால், "இப்ப நிப்பாட்டுவோம், அப்புறம் பேசலாம்" என்று நிதானமாகச் சொல்லலாம்.

"அம்மா வெளிநாட்டுக்குப் போனதால்தான் இப்படி" என்று தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. சிறுவயதுப் பிரிவும் வன்முறையும் ஒரு பங்கு வகிக்கலாம், பரம்பரையும் அப்படித்தான். ஆனால் பாட்டியிடம் வளர்ந்து நன்றாக இருக்கும் பிள்ளைகள் தோட்டம் தோட்டமாக இருக்கிறார்கள். கல்யாணம் முடித்துவைத்தால் சரியாகும் என்பது இன்னும் மோசம்; இன்னொரு குடும்பமும் சேர்ந்து தவிக்கும்.

"சாகப்போறேன்னு சொல்றவ சாகமாட்டா" என்பதை நம்பவே நம்பாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மரக்கறித் தோட்டத்துப் பூச்சி மருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். இப்போதே ஆபத்து என்று தோன்றினால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. பேய் ஓட்டுகிறோம் என்று அடிப்பதுதான் கூடாது. இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்குத்தான் மாத்திரை கொடுப்பார்கள். முதன்மையான சிகிச்சை பேச்சு வழியானது. அதில் பெயர்பெற்ற ஒரு முறையை உருவாக்கிய மார்ஷா லினஹான், இளவயதில் தானே மனநல விடுதியில் நோயாளியாக இருந்ததை 2011 இல் வெளியே சொன்னார். பல வருடங்களில் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள்.

நுவரெலியாவிலோ பதுளையிலோ மனநலக் கிளினிக்குக்குப் போகும்போது, டாக்டருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும் என்றால், அவள் சண்டை போட்ட அதே ஆளை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். தமிழ் தெரிந்த ஒரு தாதியையாவது கேளுங்கள். புருஷன் எதிரில் புருஷனைப் பற்றி எப்படிப் பேசுவாள்?