'கி' கழன்று போன வினைச்சொல்: என் அனுபவம்

ஹங்கேரிய நினைவுக்குறிப்பு ஒன்றை ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். 'கிபீர்' என்றால் தாக்குப்பிடிப்பது. என் மொழிபெயர்ப்பு மென்பொருளின் சொற்பட்டியலில் அது இருந்தும், மென்பொருள் சில வரிகளில் மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 'இயலும்' என்ற பொருள்தரும் வெறும் 'பீர்' என்பதையே காட்டியது. பட்டியலை மறுபடி ஏற்றினேன், எழுத்துக்குறியீட்டை மாற்றினேன், நெடில் குறியைக்கூட சந்தேகப்பட்டேன். நாள்கள்தான் வீணாயின.

அப்புறம் தவறிய வரிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே எதிர்மறை! 'கிபீரொம்' என்றால் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாது என்பதற்கு 'நெம் பீரொம் கி'. 'நெம்' என்ற எதிர்மறைச் சொல் வந்ததும் முன்னொட்டான 'கி' கழன்று வினைக்குப் பின்னால் போய்விடுகிறது. அதே பொருள்தரும் ஜெர்மனின் 'அவுஸ்ஹால்டென்' இப்படியும் இல்லை: நிகழ்கால முதன்மை வாக்கியத்தில் எதிர்மறை இல்லாவிட்டாலும் 'அவுஸ்' கடைசிக்கு ஓடிவிடும்.

பிரிந்த வடிவங்களைத் தனிப் பதிவுகளாகச் சேர்த்தேன், எல்லா வரிகளும் சரியாகிவிட்டன. ஆங்கிலத்தில் எதிர்மறைக்கு மட்டும் 'கான்ட் ஸ்டாண்ட்' என்று தனியாகப் போட்டேன்.

ஒன்று கவனியுங்கள், 'கி' இல்லாத 'பீரொம்' என்பதை இந்தப் பதிவில் சேர்க்காதீர்கள். பேச்சுவழக்கில் ஒருவரைப் பற்றி அப்படிச் சொன்னால், அவரைப் பிடிக்கும் என்று அர்த்தம்.