ஒரே மொட்டை மாடியில் இரண்டு ஹாம் ரேடியோவா? ஏழு மீட்டர் கேபிள் துண்டு இரண்டு போதும்

ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற ஆர்வலர்களின் ரேடியோ) 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) ஒருவர் பேசும்போது பக்கத்து ஆன்டெனாவில் 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) ரேடியோ இரைந்தால், ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். ஆர்ஜி-58 என்ற கோஆக்சியல் கேபிளில் (நடுவில் கம்பி, சுற்றிலும் உலோக வலை) சுமார் ஏழு மீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொரு ரேடியோவின் ஆன்டெனா சாக்கெட்டிலும் டி கனெக்டர் (மூன்று வாய் இணைப்பான்) போட்டு ஆன்டெனா கேபிளோடு சேர்த்து மாட்டுங்கள். 40 மீட்டர் ரேடியோவில் மாட்டும் துண்டுக்கு மறுமுனையில் உள்கம்பியையும் வலையையும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். 20 மீட்டர் பக்கத் துண்டின் மறுமுனை சும்மா திறந்தே இருக்கட்டும், இரண்டும் தொடாமல் டேப் சுற்றினால் சரி.

7.1 மெகாஹெர்ட்ஸில் அந்த நீளம் கேபிளுக்குள் கால் அலைநீளம், 14.2-இல் அரை அலைநீளம். அதனால் முனையைப் பற்றவைத்து மூடிய துண்டு 7-ஐ விட்டுவிட்டு 14-இல் கிளம்பும் ஹார்மோனிக்கை (7-இன் இரட்டிப்பு அதிர்வெண்ணில் வரும் கசிவை) ஷார்ட் செய்துவிடும். திறந்த துண்டு நேர்மாறாக 7-ஐ அமுக்கி 14-ஐ விடும். கேபிளுக்குக் கேபிள் கொஞ்சம் மாறும் என்பதால் 7.2 மீட்டராக வெட்டி, ஆன்டெனா அனலைசர் என்ற அளவு கருவியில் பார்த்து ஒட்ட நறுக்குவது நல்லது. வெட்டியதை ஒட்ட வைக்க முடியாதே!

புயல் நேரத்தில் ஒரே கட்டடத்தில் இரண்டு நிலையம் போடும்போது இது கைகொடுக்கும். ஆனால் 40 மீட்டரும் 15 மீட்டரும் (21 மெகாஹெர்ட்ஸ்) மோதினால் உதவாது. 21 மெகாஹெர்ட்ஸில் மூடிய துண்டு ஒன்றும் செய்யாது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆன்டெனா கிளாம்பே ஹார்மோனிக் கிளப்பும். அதற்கு உப்புத்தாளும் புது நட்டும்தான்.