வாந்தி மருந்தும் சமையலறைக் கரண்டியும்

மூன்று வயது மகள் ஓரிரவில் ஐந்து முறை வாந்தி எடுத்தபோது, அவளுடைய 13 கிலோ எடையைக் கணக்கிட்டு மருத்துவர் வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் சிரப் 5 மி.லி. எழுதிக்கொடுத்தார். அவசரத்தில் நான் சமையலறைக் கரண்டியில் ஊற்றிக் கொடுக்க, பத்தே நிமிடத்தில் அது அவளுடைய சட்டையில் வந்து விழுந்தது. மறுபடி கொடுக்கலாமா என்று நானாக முடிவெடுக்காமல் தொலைபேசியில் கேட்டேன். இன்னொரு முறை கொடுக்கச் சொன்ன மருத்துவர், கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும் என்பதால் ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கச் சொன்னார். கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்டேன், இம்முறை தங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்து, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 5 மி.லி. வீதம் அதே சிரிஞ்சால் புகட்டினோம். டம்ளரைக் கேட்டு அழுதாள்; மொத்தமாகக் குடித்தால் மறுபடி வாந்தி வரலாம் என்பதால் கொடுக்கவில்லை. பச்சை நிறத்திலோ இரத்தம் கலந்தோ வாந்தி வந்தால், மருந்துக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார். விடியுமுன் சிறுநீர் கழித்தாள், உடலில் நீர் வற்றிவிடவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகே நான் கண்ணயர்ந்தேன்.