காப்புரிமை: முதலில் மைஐபிஓ, பிறகு மற்ற நாடுகள்

நாலைந்து நாடுகளில் காப்புரிமை கேட்பவர்கள் எல்லாக் கட்டணத்தையும் ஒரே மூச்சில் கட்டாதீர்கள். முதலில் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் (MyIPO) விண்ணப்பம், அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி (PCT) என்ற காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாக ஓர் அனைத்துலக விண்ணப்பம். அந்த முதல் தேதியே பிற நாடுகளிலும் முன்னுரிமைத் தேதியாக, அதாவது யார் முந்தி என்று பார்க்கும் தேதியாக, நிற்கும். நாடு நாடாகக் கட்டணம், மொழிபெயர்ப்பு, முகவர் கூலி எல்லாம் பொதுவாக 30-ஆவது மாதம் வரை தள்ளிப்போகும். அதற்குள் பொருள் விலைபோகுமா என்று தெரிந்துவிடும். பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைகூடச் சீண்டாத கருவிக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு எதற்கு? தவிர, மலேசியாவில் வசிப்பவர் அனுமதி வாங்காமல் வெளிநாட்டில் முதலில் போடுவது 1983 காப்புரிமைச் சட்டப்படி குற்றம்.

தைவான் பிசிடியில் இல்லை, அங்கே தனியாகத்தான் போடவேண்டும். சிங்கப்பூர் ஒன்றே போதுமென்றால் நேரடி விண்ணப்பமே சிக்கனம். ஏற்கெனவே விற்பனைக்கு விட்ட பொருளுக்குப் புதுமை போய்விடுவதால், ஐரோப்பாவில் இந்த வழி கைகொடுக்காது.