பழைய ஃபோர் பை ஃபோர் வண்டி: காட்டுக்குள் இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மேடவாக்கத்தில் இருந்து ஒரு தம்பி தன் வண்டியைக் காட்ட வந்தார். 2012 மாடல் மஹிந்திரா தார், சிஆர்டிஇ இன்ஜின், இவர் மூன்றாவது ஓனர். வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் முன்பக்கம் கனமான இரும்பு பம்பர், கூரைமேல் எல்இடி விளக்கு, கேரியர், சேற்றில் ஓடுவதற்கான பெரிய மட் டயர் எல்லாம் ஏறியிருந்தன. "எழுபதைத் தாண்டினா ஸ்டியரிங் உதறுதுண்ணா, வீல் பேலன்சிங் ரெண்டு தடவை பார்த்துட்டேன்" என்றார். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன். கடக் கடக் என்றது. சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் பால் ஜாயின்ட் தேய்ந்துபோய், ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் இருந்தது.

மேலே மாட்டிய சாமான்களுக்குக் கொடுத்த பணத்தில் வண்டியின் அடிப்பாகத்தையே புதிதாக்கியிருக்கலாம். அவரை மட்டும் சொல்லவில்லை. ஜிப்சி, பழைய தார், பழைய பஜேரோ, சஃபாரி என்று எதை வாங்கினாலும் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பழைய வண்டிக்குச் செலவு வரிசை வேறு. முதல் பணம், கம்பெனியில் இருந்து வந்த நிலைக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுவர. அடுத்தது டயருக்கு. அதற்கடுத்தது, மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கான சாமான்களுக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

அடியில் பார்க்காமல் மேலே மாட்டுவது

சென்னை வண்டிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் பத்து வருடம் நின்ற வண்டியின் சேஸ் (அடிச்சட்டம்), வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். விற்பவர்கள் அடியில் கறுப்பு அண்டர்கோட் அடித்துவிடுவார்கள். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்துச் சேஸ் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று கேட்கும். அரித்த இடம் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஹேங்கரைச் சுற்றியும், பின் குறுக்குச் சட்டத்தின் உட்புறமும் முக்கியம். சேறு தங்கும் இடங்கள் அவைதான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உட்காருபவர் சாதாரணமாக இழுக்காத அந்தக் கடைசி இரண்டடியில் சேற்றுக் கறை இருந்தால் கதை தெரிந்துவிடும்.

அப்புறம் ஆயில். இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறார்கள். கியர் பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்) என்று இன்னும் நான்கு இடம் இருக்கிறது. முன் கிரவுன் ஆயிலை வாங்கியதில் இருந்து திறந்தே பார்க்காத ஓனர்கள் உண்டு. வண்டி வந்த முதல் வாரமே ஐந்தையும் இறக்கி ஊற்றுங்கள். பிரேக் ஹோஸ் ரப்பரை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் அதன் முனையில் இருக்கும் கிராஸ் இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். ரேடியேட்டரையும் விட்டுவிடாதீர்கள். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்து இழுவை கூடிய கியர்) வண்டி நடை வேகத்தில்தான் போகும், எதிர்க்காற்று இல்லை, விசிறி மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். மே மாத வெயிலில் அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் அரை மணி நேரம் தாங்காது.

இந்த வேலைகளுக்குப் பெரிய தொகை ஆகாது. புதுப்பேட்டையில் நல்ல பழைய பாகங்கள் கிடைக்கும். கண்ணாடி, கதவு, பிராக்கெட் போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். பால் ஜாயின்ட், பேரிங், பிரேக் சம்பந்தப்பட்டவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பெரிய டயர், உயர்ந்த வண்டி

பழைய தாரில் வந்த டயர் 235/70 ஆர் 16. பலர் 245/75 ஆர் 16 போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டரில் இருந்து 774 ஆகிறது. அதில் பாதிதான் அடியில் கிடைக்கும் உயரம்: 19 மில்லிமீட்டர். கூடவே டயர் சுற்றளவு 5 சதவீதம் கூடுவதால், மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63 போய்க்கொண்டிருப்பீர்கள். கியர் நீளமாகும், அதாவது இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் பலம் குறையும். இந்த அளவுக்குத் தார் தாங்கும். அதற்கும் மேலே போகும்போதுதான் பேரிங்கும் ஸ்டியரிங்கும் புலம்பத் தொடங்கும்.

சென்னைக்காரர் ஒருவரின் வண்டி வருடத்தில் பெரும்பகுதி தார் ரோட்டில்தான் ஓடும். மட் டயர் ஈரத் தார் ரோட்டில் வழுக்கும், பிரேக் தூரம் கூடும், வண்டிக்குள் பேச முடியாத அளவுக்கு இரையும். மாதம் ஒருமுறை மண்ணில் இறங்குபவருக்கு ரோடு, மண் இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரே போதும். செகண்ட் ஹாண்ட் டயர் வாங்கினால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பழைய டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும்.

வண்டியை உயர்த்துவதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில் இருக்கும் ஜிப்சி போன்ற வண்டியில் கிரவுன் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. பழைய தாரில் முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கினால் ஒரு மணி நேரத்தில் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும். காசும் ஆகாது. ஆனால் சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரத்தை அந்த முறுக்கு தின்றுவிடும். ஆக்சில் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், பால் ஜாயின்ட் எப்போதும் கோணலாகவே நிற்கும். மேடவாக்கம் தம்பியின் வண்டியில் நடந்ததும் இதுதான். பின்னால் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் செருகுவதும் அப்படித்தான். வண்டி விறைக்கும். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தேடி இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். பிடிப்பே போய்விடும்.

கனத்தைப் பற்றிச் சுருக்கமாக: கேரியரில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு வைத்தால் நாற்பது கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். சரிவில் குறுக்கே போகும்போது அந்த நாற்பது கிலோ உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும்.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்பக்க இரும்பு கார்டுகளை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்றது. சொந்த வண்டியின் ஆர்சியை 15 வருடம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. அப்போது ஆர்டிஓ ஆபீஸில் வண்டியை நிறுத்திக் காட்டியே ஆக வேண்டும். எனவே திரும்பக் கழற்ற முடியாத வெட்டு, வெல்டிங் எதையும் செய்யாதீர்கள்.

ஓட்டும்போது

பழைய வண்டிகளில் பெரும்பாலானவை பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது நாம் போடும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும். ஃபோர் ஹை (நான்கு சக்கரம், வழக்கமான கியர் வேகம்) போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், பூட்டியிருப்பதால் முடியாது. மண்ணில் டயர் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் அந்த முறுக்கு கியருக்குள் சேர்ந்துகொண்டே போகும், லீவர் இறுகிவிடும், கிராஸ் உடையவும் செய்யும். "மழை பெய்யுது, ஃபோர் ஹைல போறேன்" என்று ஓஎம்ஆரில் போகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். லீவர் இறுகிவிட்டால் பலவந்தம் வேண்டாம். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இன்னொரு தவறு, மாட்டிக்கொண்ட பிறகு ஃபோர் வீல் போடுவது. மணலில் புதைந்தபின் நான்கு சக்கரமும் சேர்ந்து குழி தோண்டும். மண்ணில் கால் வைக்கும் முன்பே போடுங்கள். காற்றையும் அங்கேயே இறக்குங்கள். ரோட்டில் 30 பிஎஸ்ஐ வைத்திருப்பவர் மணலுக்கு 16, 18 வரை இறக்கலாம். டயர் தட்டையாகி நீளமான பாதம் போலப் பதியும். புதைந்த வண்டி, வேறெதுவும் செய்யாமல் காற்றை இறக்கியதும் தானாக ஏறி வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 12க்குக் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். காற்று குறைவாக இருக்கும்போது வேகமும் வேண்டாம், சட்டென்று வளைப்பதும் வேண்டாம். தார் ரோடு ஏறும் முன் திரும்ப அடிக்கக் கம்பிரசர் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் கிளிப் மாட்டும் வகையாகப் பாருங்கள், சிகரெட் லைட்டரில் செருகுவது அந்த வேலைக்கு ஆகாது.

கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஏறாதீர்கள். கருகிய வாசனை வந்தால் பாதி கிளட்ச் போய்விட்டது என்று பொருள். வண்டியை நிறுத்தி ஃபோர் லோ போட்டால், கிளட்சை முழுக்க விட்டுவிட்டு எறும்பு போல ஏறும். இறக்கத்திலும் ஃபோர் லோ, முதல் கியர், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய ஜிப்சி, ஜீப் ஓட்டுபவர்களுக்கு ஒன்று: கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கோக்காதீர்கள். முன் சக்கரம் கல்லில் அடித்தால் வளையம் சுழன்று குறுக்குக் கம்பி விரலில் அறையும். எனக்கு மூன்று வாரம் வீங்கியிருந்தது.

தண்ணீர்

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளத்தில் முழங்கால் அளவு மழைநீர் தேங்கியிருந்தது. அறுபது கிலோமீட்டர் ஓடி வந்த சூட்டோடு அப்படியே இறங்கினேன். சுகமாகக் கடந்தேன், வீட்டுக்கும் வந்தேன். ஒரு மாதம் கழித்துப் பின்னால் இருந்து 'ஊய்ங்' என்று சத்தம். கிரவுன் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் வரவில்லை, பால் காபி வந்தது. சூடான கிரவுன் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அடைத்துப்போன பிரீதர் (காற்றுத் துளை) வழியாக மூச்சுவிட முடியாமல், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. பேரிங் துருவேறிப் போயிருந்தது. நீருக்குமுன் பத்து நிமிடம் நின்றிருந்தால், பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறைக்குள் உயரத்தில் கட்டியிருந்தால், அந்தச் செலவு இல்லை.

இன்ஜினுக்குக் காற்றை உயரத்தில் இருந்து எடுக்கும் ஸ்னார்கெல் குழாய் மாட்டிவிட்டதால் வண்டி படகாகிவிடாது. அது இன்ஜின் மூச்சை மட்டும் காக்கும். ஆல்டர்னேட்டர், வயரிங், கிரவுன் எல்லாம் நீருக்குள்தான் இருக்கும். இன்ஜின் நீருக்குள் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். ஓடும் நீராக இருந்தால் இறங்கவே வேண்டாம்.

கயிறு

உயிர் போகிற இடம் இது. லாரிக்காரர் சங்கிலி, கிணற்றுக் கயிறு, கையில் கிடைத்த ஏதாவது ஒன்றைப் பம்பரில் மாட்டி இழுப்பதை இன்றும் பார்க்கிறேன். கம்பெனி வண்டியில் இருக்கும் மெல்லிய வளையம் வண்டியைக் கட்டி ஏற்றிச் செல்வதற்கானது. ஜெர்க் கொடுத்தால் பிய்ந்து வந்து கண்ணாடியைத் துளைக்கும். சேஸில் போல்ட் போட்ட, எடை குறித்த கொக்கிதான் வேண்டும். பட்டையைக் கொக்கியில் இணைக்கும் இரும்பு வளையமான டி ஷேக்கிளிலும் எடை அச்சிட்டிருக்க வேண்டும். ஜெர்க் கொடுத்து இழுக்க, நீண்டு சுருங்கும் கைனடிக் பட்டைதான் சரி. சாதாரண டோ பட்டையும் சங்கிலியும் நிதானமாக இழுப்பதற்கு மட்டும். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் வேகத்தை அமுக்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்கள்.

இழுப்பதற்கு முன் தோண்டுங்கள். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னே ஒரு சரிவு வெட்டி, உரச்சாக்கு இரண்டை விரித்தால் பாதி நேரம் கயிறே வேண்டியிருக்காது.

எங்கே ஓட்டக் கூடாது

ஈசிஆர் கடற்கரை மணலைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். ஜனவரியில் இருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் அங்கே வந்து முட்டையிடுகின்றன. முட்டை பொரிய ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். சக்கரம் போன பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறிக் கடலுக்குப் போக முடியாது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

கோடையில் வற்றிய ஏரியும் ஆபத்தானது. மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், அரையடி கீழே களிமண் இன்னும் ஈரமாக இருக்கும். அதில் இறங்கிய வண்டியை எடுக்க டிராக்டர் வரும், டிராக்டரை எடுக்க இன்னொரு டிராக்டர் வரும். ஏரிக்கரை மீது ஏற்றிக் கரையைச் சிதைத்துவிட்டால் அடுத்த மழையில் அந்த ஊருக்குத்தான் கஷ்டம். தெரிந்தவர்களின் தரிசு நிலத்தில், கேட்டுவிட்டு, இரண்டு வண்டியாகப் போங்கள்.

அந்தத் தம்பி பம்பரைக் கழற்றி விற்றுவிட்டார். அந்தப் பணத்தில் பால் ஜாயின்ட் நான்கு, பிரேக் ஹோஸ், ஐந்து ஆயில், கொஞ்சம் மிச்சம். டார்ஷன் பாரைப் பழைய உயரத்துக்கு இறக்கினோம். போன ஞாயிறு உத்திரமேரூர் பக்கம் ஒரு நண்பரின் நிலத்தில், காற்றைப் 18க்கு இறக்கி, ஃபோர் லோவில் ஒரு வாய்க்கால் கரையை ஏறினார். ஸ்டியரிங் உதறவில்லை.