வீட்டுக் கோழிகளுக்குக் காப்பான கூண்டு

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில் குடியிருப்போர், விற்பனைக்காக அல்லாமல், 10 கோழிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். அவற்றுக்குக் கூண்டு கட்ட நினைப்பவர்கள், நாயைவிட மலைப்பாம்பை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் முதல் கூண்டுக்கு அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையை அடித்திருந்தோம். ஒருநாள் விடியலில் கதவைத் திறந்தபோது, மற்ற கோழிகள் உயரக் கட்டையில் ஒண்டி நிற்க, மூலையில் மலைப்பாம்பு ஒன்று வயிறு புடைத்துச் சுருண்டு கிடந்தது. அது நுழைந்த இடுக்கு என் நான்கு விரல் அகலம்தான். இளங்கோழியை விழுங்கிய பின் அதே இடுக்கு வழியாக அதனால் வெளியேற முடியவில்லை. தரையில் ஓர் இறகுகூட உதிர்ந்திருக்கவில்லை.

வந்தது எது என்பதை இத்தகைய தடயங்களே ஓரளவு சொல்லும். கோழி சுவடின்றி மறைந்தால் பெரும்பாலும் பாம்பு. இறகுகள் சிதறி, பல கோழிகள் கடிபட்டும் தின்னப்படாமலும் கிடந்தால் நாய். பகலில் முட்டையும் குஞ்சும் காணாமற்போனால், வடிகால் வழியாக வரும் உடும்பையோ காகத்தையோ குரங்கையோ ஐயுறலாம். புனுகுப்பூனை இரவில் கூரைமேல் ஏறி வரும்.

ஆகவே கூண்டின் எல்லாப் பக்கங்களுக்கும், காற்றுத் துளைகள் உட்பட, 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையைப் பொருத்துங்கள். விரற்கடை அளவு இடுக்கில் குட்டிப் பாம்பு நுழைந்துவிடும் என்பதால், கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் விட்டுவைக்க வேண்டாம். கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயின் பல்லை வெளியே நிறுத்தாது. வலையைச் சிறிய ஆணிகளால் மட்டும் பிடித்துவைக்காமல், மரச்சட்டத்தை மேலே அழுத்தித் திருகாணியால் முடுக்கினால், நாய் மோதினாலும் விளிம்பு பிரியாது. நாயும் உடும்பும் மண்ணைத் தோண்டுபவை. எனவே வலையை அடியிலிருந்து வெளிப்பக்கமாக 45 சென்டிமீட்டர் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் கல்லோ மண்ணோ பரப்புங்கள். மேற்புறத்தை வலையாலும் தகட்டாலும் மூடிவிட்டால், பருந்தும் புனுகுப்பூனையும் இறங்க வழியில்லை. காட்டுப் பறவைகளின் எச்சம் விழாததால் பறவைக் காய்ச்சல் தொற்றும் அபாயமும் குறைகிறது. குரங்கு நடமாடும் பகுதியில் வெறும் கொக்கி போதாது, பூட்டுப் போடுங்கள்.

இங்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 7 மணிக்கு இருட்டுவதால், அதற்கு முன்பே கோழிகளை எண்ணி அடைத்துவிடலாம். சிந்திய தீவனம் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். ஆதலால் தீவனத்தை இரவில் மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

பொறி வைப்பதையும் அடித்துக் கொல்வதையும் அறவே தவிர்க்க வேண்டும். அனுமதியின்றிக் காட்டு உயிரினங்களைப் பிடிப்பதும் கொல்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கூண்டுக்குள் பாம்பைக் கண்டால், எட்டி நின்று, தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். இரை விழுங்கிய பாம்பைச் சீண்டினால் அது இரையைக் கக்கிவிட்டுச் சீறக்கூடும் என்பதால், உதவி வரும்வரை பிள்ளைகளையும் வீட்டு நாயையும் உள்ளேயே வைத்திருங்கள்.